வேலை போனதற்குச் சாட்சி யார்?

ஒரு மனிதனுக்கு வேலை போய்விட்டது என்பதை முதலில் அறிகின்றவன் அவனே. இரண்டாவதாக அறிகின்றவள் அவன் மனைவி. மூன்றாவதாக அறிகின்றவர் கடன் கொடுக்கும் மளிகைக் கடைக்காரர். இம்மூவருக்கும் இதில் யாதொரு சந்தேகமும் இருப்பதில்லை. ஆனால் வேலை போனவனுக்குச் சட்டப்படி ஏதேனும் பணம் சேரவேண்டியதாயிருந்தால் இம்மூவர் சாட்சியும் செல்லுபடியாவதில்லை. அவன் வேலை போயிற்றா, அவனே வேலையை விட்டானா, அல்லது வேலை ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குக் கை மாறிற்றா என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் வேறொருவராயிருக்கின்றார். பெரும்பாலும் அந்த வேறொருவர் பணம் கொடுக்கக் கடமைப்பட்ட முதலாளியாகவோ, அவரிடம் சம்பளம் வாங்குகின்ற கிராணியாகவோதான் இருப்பார்.

நாமும் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் செக்ரோல் எழுதிப் பிழைக்கின்றவர்களாதலால், இந்தப் பேனாவின் வலிமையை ஒருவாறு அறிவோம். தொழிலாளியின் நிவாரணப் பணம் ஏன் தாமதப்படுகின்றது, ஏன் தகராறில் சிக்குகின்றது என்று கேட்டால், "ஆபீசில் சோம்பேறித்தனம்" என்று சிலரும், "நம்மவர்களுக்கு விவரம் போதாது" என்று சிலரும் சொல்லிவிடுகின்றார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் சுமார் நூறு வருஷத்துச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு காரணம் தெரியவருகின்றது. பணப்பை பல கைகள் மாறியிருக்கின்றது. பேனா மாத்திரம் பெரும்பாலும் ஒரே கையில் இருந்து வந்திருக்கின்றது.

முதலில் பழைய மலாயாவைப் பார்ப்போம். 1907-ஆம் வருஷத்தில் தமிழர் குடியேற்ற நிதி என்ற பெயரால் ஒரு நிதி ஏற்பட்டது. பின்னர் அது இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. நாகப்பட்டணத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தொழிலாளிகளின் வழிச்செலவு முதலியவற்றுக்காகத் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துச் சேர்த்த நிதி அது. வரி எப்படிக் கணக்கிடப்பட்டது? எத்தனை ஆட்கள் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்ற கணக்கின் பேரில். அதாவது செக்ரோலின் பேரில். காலையில் இருட்டோடு பெரட்டுக் களத்தில் நின்று, பேர் விழுந்து, மரம் வெட்டப் போன ஒவ்வொரு தமிழனுடைய ஒவ்வொரு நாளும் அந்த நிதியில் கொஞ்சம் காசாகச் சேர்ந்தது. கொடுத்தவர் முதலாளி என்பது கணக்குப் புஸ்தகத்தின் பாஷை. அந்த உழைப்பில்லாமல் அந்த வரி ஏது?

1930-இல் உலகமெங்கும் வியாபாரம் படுத்தது. ரப்பர் விலை பாதாளத்துக்கு இறங்கிற்று. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நிர்ணயக் கூலி அவ்வருஷத்திலேயே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பின்னர் அதற்கும் கீழே போயிற்று. தோட்டங்களில் ஆட்களைக் கழித்தார்கள். பட்டணத்திலும் ரயில்வே, மராமத்து இலாகாக்களில் ஆட்குறைப்பு நடந்தது. பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் ரயிலை நம்பி அடுப்பேற்றிய குடும்பங்கள் எத்தனை என்று அவ்வூர்ப் பெரியவர்களைக் கேட்டறிந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

வேலையிழந்தவனுக்கு அன்று கிடைத்த நிவாரணம் என்ன? கப்பல் டிக்கட். 1930 முதல் 1932 முடிய மூன்று வருஷங்களில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் மலாயாவிலிருந்து இலவசமாகத் தாயகம் அனுப்பப்பட்டனர். போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று அன்று பெயர் கொண்டிருந்த நமது கிள்ளான் துறைமுகத்திலும், பினாங்கிலும் கப்பலேறியவர்கள் இவர்கள். இந்நாட்டில் பிறந்து ஊர் முகம் அறியாத குழந்தைகளும் இவர்களில் உண்டு. நிவாரணம் வேண்டுமானால் நாட்டை விட்டுப் போ என்பதே அன்றைய விதி. இங்கேயே இருந்து வேறு வேலை தேடுகின்றேன், அதுவரை அரைவயிற்றுக்கு ஏதேனும் கொடு என்று கேட்க ஒரு சட்டமும் இல்லை. வேலையில்லாதவனுக்கு ஊரிலும் வேலையில்லை என்பது டிக்கட் எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. 1934-இல் ரப்பர் தலைதூக்கியதும் மறுபடியும் ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். வேண்டும்போது வரவழைக்கவும் வேண்டாதபோது திருப்பியனுப்பவும் ஒரே நிதி பயன்பட்டது என்றால், அதைத் தொழிலாளர் நிவாரணம் என்று அழைப்பதா, முதலாளிகளின் வசதி என்று அழைப்பதா என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

இதே சமயத்தில் மலாயாவை ஆண்ட வெள்ளைக்காரர் தம் சொந்த நாட்டில் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1911-ஆம் வருஷத்திலேயே வேலையில்லாதோர் காப்புறுதிச் சட்டம் வந்துவிட்டது. தொழிலாளியும் முதலாளியும் சர்க்காரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த நிதியிலிருந்து வாரத்துக்கு 7 ஷில்லிங், வருஷத்தில் 15 வாரம் வரையில் கொடுக்கப்பட்டது. ஆனால் அங்கேயும் தகராறு இல்லாமலில்லை. தகுந்த காரணமின்றித் தானே வேலையை விட்டவனுக்கும், துர்நடத்தைக்காக நீக்கப்பட்டவனுக்கும் ஆறு வாரம் பணமில்லை என்று அச்சட்டம் சொல்லிற்று. "தானே விட்டான்", "துர்நடத்தை" என்ற இவ்விரண்டு சொற்களையும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். நூறு வருஷம் கழித்துக் கோலாலம்பூரில் இவற்றை மறுபடியும் சந்திக்கப் போகின்றோம்.

1921-இல் அங்கே இன்னொரு முள்ளும் வைக்கப்பட்டது. விண்ணப்பக்காரன் உண்மையாகவே வேலை தேடினான் என்று அவனே ருசுப்படுத்த வேண்டும் என்பதே அது. வேலையே இல்லாத ஊரில் வாசல் வாசலாக ஏறி இறங்கி, "இங்கே வேலை இல்லை" என்பதற்கு அத்தாட்சி சேகரித்துத் திரிந்தார்கள் அந்நாட்டுச் சுரங்கத் தொழிலாளிகள். லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் இக்காரணத்தால் தள்ளப்பட்டன. தொழிலாளர் கிளர்ச்சியின் பயனாக 1930-இல் இவ்விதி எடுபட்டது. அங்கே ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. தகராறு வந்தால் தீர்க்க, முதலாளிகள் சார்பில் ஒருவர், தொழிலாளர் சார்பில் ஒருவர், நடுவில் தலைவர் ஒருவர் என்று அமைந்த சிறு பஞ்சாயத்து ஒன்று உண்டு. லண்டனில் வெள்ளைத் தொழிலாளிக்குப் பஞ்சாயத்தும் கிள்ளானில் தமிழ்த் தொழிலாளிக்குக் கப்பல் டிக்கட்டும் கொடுத்தது ஒரே சாம்ராஜ்யம்தான்.

யுத்தமும் சுதந்திரமும் வந்து போயின. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டான தோட்டத்தில் பழைய ஆட்களுக்கு வேலை நிச்சயமில்லை, லயத்து வீடும் நிச்சயமில்லை. இதைப்பற்றி உங்கு அஜீஸ் அவர்கள் தலைமையில் விசாரணை நடந்து அறிக்கையும் வெளிவந்தது. துன் சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளிகளின் பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது நம்மவர் அறிந்த கதை. 1969-ஐ ஒட்டி, பிரஜா உரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் வந்தபோது பல்லாயிரம் பேர் மறுபடியும் கப்பலேறினார்கள். இவையெல்லாம் தனித்தனிக் கட்டுரைக்கு உரியவை.

நமது விஷயத்துக்கு முக்கியமான வருஷம் 1980. 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டத்தின் கீழ், வேலை நீக்கச் சலுகை விதிகள் அவ்வருஷத்தில் பிறந்தன. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்தவனை நீக்கினால், இரண்டு வருஷத்துக்குட்பட்ட சேவைக்கு வருஷத்துக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குட்பட்டதற்கு வருஷத்துக்குப் பதினைந்து நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனால் வருஷத்துக்கு இருபது நாள். இருபது வருஷம் பால்மரம் வெட்டியவனுக்கு 400 நாள் சம்பளம் என்று கணக்காகின்றது. பணத்தை ஏழு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் விதி சொல்லுகின்றது. ஏட்டில் இதைவிடத் தெளிவாக எழுதுவது கஷ்டம்.

ஆனால் இந்தப் பணத்துக்குத் தனி நிதி எதுவும் கிடையாது. நீக்குகின்ற முதலாளியே தன் பையிலிருந்து கொடுக்கவேண்டும். நூறு ஆளுக்கு நானூறு நானூறு நாள் சம்பளம் என்றால் எந்த முதலாளிதான் "இவர்கள் வேலை போயிற்று" என்று மனமுவந்து எழுதிக் கொடுப்பான்? ஆகவே பணம் கொடுப்பதைவிட வேலை போகவில்லை என்று நிரூபிப்பது மலிவாயிருந்தது.

அதற்கு இவ்விதிகளிலேயே ஒரு வாசல் உண்டு. தோட்டம் கை மாறும்போது, வாங்குகின்ற புதிய முதலாளி ஏழு நாளுக்குள் முன்னைவிடக் குறையாத நிபந்தனைகளில் வேலை தருவதாகச் சொல்லி, தொழிலாளி நியாயமின்றி மறுத்தால் அவனுக்குச் சலுகைப் பணம் இல்லை. அப்படி வேலை தருவதாகச் சொல்லாவிட்டால் பழைய முதலாளி பணம் கொடுக்கவேண்டும். இதில் "குறையாத நிபந்தனை" எது, "நியாயமின்றி" மறுப்பது எது என்பதில்தான் வருஷக்கணக்கில் தகராறு. வீடு இருக்கும், ஆனால் தண்ணீர் வராது. கூலி அதே கூலி, ஆனால் மாதத்தில் வேலை நாள் குறைவு. இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்பது கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரியின் பேரில் கணக்கிடப்படுகின்றது. விற்பனைக்கு முந்திய வருஷத்தில் மரம் வெட்டுகின்றவனைப் புல் வெட்ட அனுப்பினால் அந்தச் சராசரி தானாகவே இறங்கிவிடும். இருபது வருஷத்து உழைப்பின் விலையைக் கடைசி வருஷத்துச் செக்ரோல் தீர்மானிக்கின்றது.

இப்படிப்பட்ட ஒரு தகராறு மேல் கோர்ட்டு வரையில் போயிற்று. பாரட் தோட்ட வழக்கு என்பது அதன் பெயர். தோட்டம் விற்கப்பட்டது, ஆட்கள் புதிய முதலாளியிடம் தொடர்ந்து வேலை செய்யலாம் என்றும், ஆகவே நீக்கப் பணம் இல்லையென்றும் சொல்லப்பட்டது. தொழிலாளிகள் ஒப்பவில்லை. 2000-ஆம் வருஷத்தில் அப்பீல் நீதிமன்றம் தொழிலாளிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. யாரிடம் வேலை செய்வது என்று தெரிந்தெடுக்கும் சுதந்திரம் தொழிலாளிக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் ஆறாவது பிரிவையும் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் அவர்கள் எடுத்துக் காட்டினார். இதற்கு முன்னோடியாக 1940-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. இரண்டு நிலக்கரிக் கம்பெனிகள் ஒன்றானபோது, சுரங்கத் தொழிலாளி ஒருவனையும் தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்த்துப் புதிய கம்பெனிக்கு மாற்றிவிட முடியுமா என்ற கேள்வி எழுந்தது. முடியாது என்று பிரபுக்கள் சபை சொல்லிற்று. எஜமானனைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமையில்தான் வேலைக்காரனுக்கும் அடிமைக்கும் உள்ள வித்தியாசம் அடங்கியிருக்கின்றது என்ற கருத்தை அட்கின் பிரபு அதில் வெளியிட்டார். மாடும் மரமும் விலைப்பத்திரத்தில் சேரும், மனிதன் சேரமாட்டான். நம் தோட்டங்களில் இத்தீர்ப்பை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் மறைந்த விதத்தை நினைத்தால் இது வெறும் சட்ட நுணுக்கமல்ல என்பது புலப்படும். 1921-இல் தொடங்கப்பட்ட பிராங் புசார் தோட்டத்தின் மேல் இன்று புத்ராஜெயா நிற்கின்றது. அங்கிருந்த குடும்பங்கள் டெங்கிலில் மாடிவீடுகளுக்கு மாற்றப்பட்டன. கோலாலம்பூரின் தென்புறத்திலிருந்த புக்கிட் ஜாலில் தோட்டத்தை 1980-இல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பின்னர் அவ்வட்டாரத்தில் பெரிய விளையாட்டரங்கம் எழுந்தது. 2011-இல் வீட்டைக் காலி செய்யும்படி நகராண்மைக் கழகத்தின் நோட்டீஸ் வந்தபோது அங்கே எஞ்சியிருந்த 41 குடும்பங்கள் வெளியேற மறுத்துப் போராடின. தோட்டத் தொழிலாளிக்கு வேலை போகும் அன்றே வீடும் போகின்றது. பட்டணத்து ஆபீஸ்காரர் ஆறு மாதம் வழக்காடலாம். அவர் வீட்டுக் கூரை அவர் தலைமேல் இருக்கும். லயத்து வீட்டில் இருப்பவனுக்கு ஒவ்வொரு மாதத் தாமதமும் "கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ" என்று சொல்லாமல் சொல்லுகின்றது. தாமதம் முதலாளிக்கு ஒரு செலவுமில்லாத ஆயுதம்.

1997-இல் ஆசியப் பணநெருக்கடி வந்தது. 1998-இல் மலேசியாவில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆட்குறைப்புக்கு ஆளானார்கள். நீக்கும் முதலாளியின் பையை நம்பியிராமல் தேசிய நிதியொன்று வேண்டும் என்று மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் அப்போதே கேட்டது. இச்சமயத்தில் நடந்த இன்னொரு காரியம் நம்மவர் பலருக்குத் தெரியாது. பழைய இந்தியர் குடியேற்ற நிதி 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக உருமாறி உயிரோடிருந்தது. அது 1999-இல் கலைக்கப்பட்டது. வேலையிழந்தோர்க்கு ஒரு நிதி வேண்டுமென்று கேட்ட மறுவருஷமே, நம் பாட்டன்மாரின் செக்ரோல் நாட்களால் சேர்ந்த நிதியின் கணக்கு மூடப்பட்டது.

கேட்ட நிதி வருவதற்குச் சுமார் இருபது வருஷம் பிடித்தது. 2017-இல் வேலை காப்புறுதித் திட்டச் சட்டம் நிறைவேறிற்று. முதல் மசோதாவில் தொழிலாளியிடம் நூற்றுக்கு அரை, முதலாளியிடம் நூற்றுக்கு அரை என்றிருந்த சந்தா, முதலாளிகளின் கூக்குரலால் ஆளுக்கு 0.2 ஆகக் குறைக்கப்பட்டது. 2018 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. நிர்வாகம் பெர்கேசோ என்னும் சொக்சோவிடம். சட்டம் முதலில் வகுத்தபடி, வேலை தேடும் காலத்து உதவியாக முதல் மாதம் சம்பளத்தில் நூற்றுக்கு 80, இரண்டாம் மாதம் 50, மூன்றிலும் நான்கிலும் 40, ஐந்திலும் ஆறிலும் 30. மாதம் 1,700 வெள்ளி வாங்கினவனுக்கு முதல் மாதம் சுமார் 1,360 வெள்ளி. ஆறு மாதமும் சேர்ந்தால் சுமார் 4,590 வெள்ளி. கோவிட் வந்த 2020-இல் வேலையிழந்தோராக ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இத்திட்டத்தில் பதிவானார்கள். இத்திட்டம் இல்லாதிருந்தால் அவர்கள் கதி என்னாயிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். குறை சொல்லுவதற்கு முன் இந்த நன்மையை ஒப்புக்கொள்ளுவதே நேர்மை.

பணப்பை இப்போது முதலாளியிடமில்லை. பேனா எங்கே இருக்கின்றது? தானே ராஜினாமா செய்தவனுக்கு உதவி இல்லை. துர்நடத்தைக்காக நீக்கப்பட்டவனுக்கு இல்லை. குறித்த கால ஒப்பந்தம் முடிந்தவனுக்கு இல்லை. இரு தரப்பும் சம்மதித்து நிபந்தனையின்றிப் பிரிந்தால் இல்லை. 1911-ஆம் வருஷத்து அவ்விரண்டு சொற்களும் தம் பிள்ளைகுட்டிகளோடு வந்திறங்கியிருப்பதைக் காண்கின்றோம். மோசடியைத் தடுக்க இத்தகைய விலக்குகள் வேண்டியவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் வேலை எப்படி முடிந்தது என்று சொல்லும் கடிதத்தை எழுதுகின்றவர் இன்றைக்கும் முதலாளிதானே!

நமக்கு அடுத்த தோட்டமொன்றில் ஆட்களைக் கழித்தபோது ஆளுக்கொரு தாள் நீட்டப்பட்டதைக் கண்டோம். மலாயில் நாலு வரி. கீழே கையெழுத்துக்கு இடம். "அண்ணே, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று ஒரு நடுவயதுப் பெண் நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்ளுவதாக எழுதியிருந்தது. "கையெழுத்துப் போட்டாத்தான் இந்த மாசச் சம்பளமாம்" என்றார். போடாதீர்கள் என்றோம். அவர் போடவில்லை, அவர் சம்பளமும் வந்தது. முதல் நாளே போட்டுவிட்ட பதினொரு பேருக்குச் "சொந்த விருப்பம்" என்ற சொல் நிலைத்துவிட்டது.

ஒப்பந்தம் முடிந்தவனுக்கு இல்லை என்ற விலக்குத்தான் நம்மவரை அதிகமாகப் பாதிப்பதாக நமக்குத் தோன்றுகின்றது. தோட்டங்களில் நேரடி ஆள் குறைந்து காண்ட்ராக்டரின் கீழ் வேலை செய்வோர் பெருகிவிட்டனர். பட்டணத்திலோ பள்ளிக்கூடங்களையும் ஆஸ்பத்திரிகளையும் கூட்டிப் பெருக்கும் பெண்கள், வாசலில் நிற்கும் காவற்காரர்கள் முதலியோர் ஒரே இடத்தில் பத்து வருஷம் வேலை செய்திருப்பார்கள். காண்ட்ராக்டர் மாத்திரம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறுவான். அவர்கள் வேலை போயிற்று என்று எந்தத் தாளிலும் இராது. ஒப்பந்தம் முடிந்தது என்றே இருக்கும். 1980-ஆம் வருஷத்து விதிகளிலும் சேவை தொடர்ச்சியா இல்லையா என்ற தகராறு இவர்களுக்கே வருகின்றது. தோட்டம் கை மாறிற்று என்ற பழைய வாதம் காண்ட்ராக்டு கை மாறிற்று என்று சட்டை மாற்றிக்கொண்டிருக்கின்றது.

ஆகையால் பெர்கேசோ கௌண்டரில் நின்று சத்தம் போடுவதைக் காட்டிலும், வேலையிலிருக்கும்போதே சில தாள்களைச் சேர்த்து வைப்பது பிரயோஜனம். மாதச் சம்பளச் சீட்டு, முதன்முதல் வேலைக்குச் சேர்ந்த கடிதம், சந்தா கட்டப்பட்டதா என்ற கணக்கு ஆகியவை முதலாளியின் பேனாவுக்குப் பதில் சொல்லக்கூடியவை. சந்தா கட்டாமல் விட்டது முதலாளியின் குற்றம். ஆனால் அது விண்ணப்பத்தன்று தெரியவந்தால் காத்துக் கிடப்பது தொழிலாளி. வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். ஒரு நாள் அவகாசம் கேட்டு யாரிடமாவது காட்டுங்கள். கிராணிமாரான நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். காரணம் எழுதும் கட்டத்தில் துரை சொன்னதை எழுதுவதற்கு முன், நடந்தது அதுதானா என்று ஒருமுறை கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

நாட்கணக்கும் முக்கியம். காப்புறுதி உதவிக்கு வேலை போன தேதியிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெர்கேசோவின் தீர்மானம் சரியில்லை என்று தோன்றினால் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்கு மேல் சமூகப் பாதுகாப்பு அப்பீல் சபை இருக்கின்றது. 1980-ஆம் வருஷத்து விதிப்படியான நீக்கப் பணம் வராவிட்டால் புகார் செய்ய வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. வழக்கை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. நியாயமின்றி நீக்கினார்கள், மறுபடியும் வேலை வேண்டும் என்றால் 1967-ஆம் வருஷத்துத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி தொழிலுறவு இலாகாவுக்குப் போகவேண்டும். அதற்கும் 60 நாள்தான் கெடு. மூன்றும் வெவ்வேறு வாசல்கள். ஒன்றில் கொடுத்த மனு மற்ற இரண்டிலும் கொடுத்ததாக ஆகாது. ஒன்றின் பதிலுக்குக் காத்திருக்கும்போது மற்றதன் அறுபது நாளும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.